ஆமை சுமந்த மீன் குழம்பு

எனக்கும் அவருக்கும் எந்தப் பழக்கமும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் ஜெசிந்தா. கோடு போட்ட தாள், நீல மை, கீழே தேதி போட்டுக் கையெழுத்து. காலையில் பத்து மணிக்கு என்னை மாடிக்குக் கூப்பிட்டு, எச்.ஆர். மோகனரங்கம் சார் அந்தத் தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்துப் பொறுமையாகப் படிக்கச் சொன்னார். நான்கே வரி. மூன்று வரியை எப்படியோ விழுங்கிவிட்டேன், இந்த நாலாவது வரி மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது. ஒரு மணிக்குள் பதில் எழுதிக்கொண்டு மேலே வரச் சொல்லி வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். அது என் ஆரஞ்சுக் கோட்டுப் பையில் மடித்தபடி கிடக்கிறது, ஓர் எழுத்து எழுதவில்லை. மணி பன்னிரண்டு ஐந்து. ஷாம்பு இரண்டு என்கிறது திரை. ரேக்கிலிருந்து எடுக்கிறேன், ஸ்கேனரில் காட்டுகிறேன், பச்சை விளக்கு எரிகிற பெட்டியில் போடுகிறேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. கைக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது போலிருக்கிறது. என்னைத்தான் அவருக்கும் என்று எழுதியிருக்கிறாள். மூன்று வருஷமாக வாடி போடி என்று பேசிய வாய். பேனாவைப் பிடித்ததும் மரியாதை வந்துவிட்டது.

ஷாம்பு ரேக் போகிறது. அடுத்ததைத் தூக்கிக்கொண்டு ஆமை வருகிறது. நாங்கள் வைத்த பெயர்தான் ஆமை, கம்பெனி வைத்த பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. சப்பையாக, என் முழங்காலுக்குக் கீழே நிற்கும். ஆள் உயர ரேக்குக்கு அடியில் நுழைந்து முதுகாலேயே தூக்கி, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தானாக நடந்து வந்து, எங்கள் முன்னால் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். ஓட்டுகிற ஆள் இல்லை. எங்கே போவது, எந்த வழியாகப் போவது எல்லாம் கம்ப்யூட்டர் சொல்லும். ஒரகடம் தாண்டி இருக்கிற இந்தக் குடோனில் இப்படி நூற்றிருபது ஆமைகள். பெண்கள் ஆறு பேர், ஆறு ஸ்டேஷன். ஸ்டேஷன் என்றால் போலீஸ் ஸ்டேஷன் இல்லை, ஒரு மேஜை, ஒரு திரை, நிற்பதற்கு ஒரு ரப்பர் பாய், அவ்வளவுதான் என்று முதலில் என் வீட்டுக்காரருக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருந்தது. இன்றைக்குப் போய் விளக்கினால் போலீஸ் ஸ்டேஷன்தான் என்று சொல்லிவிடலாம். நான் நான்கு, ஜெசிந்தா ஒன்பது. இடையில் இருக்கிற எண்கள் எல்லாம் இன்னும் வராத ஸ்டேஷன்களுக்கு. ஒன்பதை இங்கிருந்து பார்த்தால் ரேக்குகளுக்கு நடுவில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு தெரியும், அதுதான் அவள். இப்போதும் தெரிகிறது. குனிகிறாள், நிமிர்கிறாள். எப்படி அவளால் குனிந்து நிமிர முடிகிறது என்று இருக்கிறது எனக்கு. டயபர் ஒன்று. பல் தேய்க்கிற பிரஷ் நான்கு. இன்று நான்கு என்று எது வந்தாலும் அந்த வரிதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஆமை வருவதற்கு முன்னால் நாங்கள்தான் ஆமை. கையில் ஸ்கேனர், முன்னால் தள்ளுவண்டி, ரேக் ரேக்காக நடந்து பொருளைத் தேடி எடுத்து வரவேண்டும். ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று யாரோ கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பாதம் வெடித்துப் போயிருந்தது, ராத்திரி காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன். ஆனால் நடக்கிற வழியெல்லாம் ஜெசிந்தா இருந்தாள். நான் சோப்பு வரிசைக்குப் போனால் அவளுக்கும் அங்கே ஏதாவது இருக்கும், இல்லாவிட்டாலும் வருவாள். வாலாஜாபாத் பக்கத்துப் பெண், உயரம், வேகமாக நடப்பாள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். ஒருநாள் நான் கவனிக்கவே இல்லை, நாள் தள்ளிப் போய் வந்ததில் பேண்ட் முழுக்கக் கறை. அவள்தான் பார்த்தாள். என் முதுகோடு ஒட்டித் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஷிப்ட் முடிகிற வரைக்கும், ஐந்து மணி நேரம், நான் திரும்பினால் திரும்பி, நின்றால் நின்று, அவள் எடுக்க வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு எனக்குப் பின்னாலேயே வந்தாள். அன்றைக்கு அவள் கணக்கு பாதிகூட வரவில்லை, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார். பஸ் ஏறும்போதுதான் இடுப்பில் தன் துப்பட்டாவைக் கட்டிவிட்டு, போடி, போய்க் குளி என்றாள். எந்தப் பழக்கமும் இல்லை. பழக்கம் இல்லாத ஒருத்திக்குப் பின்னாலா ஐந்து மணி நேரம் நடந்தாய்? யாரோ ஒரு அவருக்காகவா திட்டு வாங்கினாய்? பிஸ்கட் ஆறு. ஆறு இல்லை, ஐந்துதான் எடுத்திருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது. இன்னொன்று எடுத்து வைக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் வேலி போட்டார்கள். இனிமேல் நீங்க நடக்க வேண்டாம், பொருள் உங்களைத் தேடி வரும் என்று மேலிருந்து வந்த அதிகாரி சொன்னபோது கை தட்டினோம். நான்தான் ரொம்ப நேரம் தட்டினேன். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, கால் பிழைத்தது, வாய் போய்விட்டது என்று. ஸ்டேஷனை விட்டு நகரக்கூடாது. போன் வாசலிலேயே லாக்கரில். சாப்பாட்டு நேரத்தை ஆளுக்கொன்றாக கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுத்தது. என் பஸ் உத்திரமேரூர் பஸ், அவள் பஸ் வந்து சேரும்போது நான் ஏற்கெனவே பாயில் நிற்பேன். நாற்பதடி தூரத்தில் ஒருத்தியை வைத்துக்கொண்டு அவளிடம் பேச ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து போன் போடவேண்டும். முதலில் கண்டுபிடித்தது அவளா நானா? நான்தான். நான்தானே. முந்நூற்றுப் பதினெட்டாம் ரேக்கில் மேலே நூடுல்ஸ், நடுவில் பிஸ்கட், கீழ்த்தட்டில் குழந்தைத் துணி. நூடுல்ஸ் கேட்காத வீடு இல்லை என்பதால் அந்த ரேக் ஓயாமல் சுற்றும், என்னிடம் வந்தால் அடுத்து ஒன்பதுக்குத்தான் போகும், பகல் பன்னிரண்டு மணி வாக்கில் ஒன்பதிலிருந்து திரும்ப என்னிடம் வரும். எத்தனையோ நாள் பார்த்து வைத்திருந்தேன். கேமரா பொருள் எடுக்கிற கையைப் பார்க்கும், கீழ்த்தட்டைப் பார்க்காது. ஒருநாள் எலுமிச்சை சாதம் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கீழ்த்தட்டில் துணிக்குப் பின்னால் வைத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து தூரத்தில் அந்த ஆரஞ்சுப் பொட்டு இரண்டு கையையும் தூக்கியது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மறுநாள் டப்பா திரும்பி வந்தது, உள்ளே அவித்த வேர்க்கடலை. நல்ல வீட்டுப் பெண் எவளாவது அடுத்தவள் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பாளா. பதினோரு மாதம் அந்த ஒரே டப்பா காலியாக நடந்ததே இல்லை. சுண்டல், புளி சாதம், கருவாட்டுத் தொக்கு, கிறிஸ்துமஸ் கேக். ஆமைக்கு என்ன தெரியும், வாயில்லா ஜீவன் என்று நினைத்தோம்.

அந்த டப்பா என் கல்யாணச் சீர். எங்கள் அம்மா பாத்திரக் கடையில் நின்று மூடியிலும் அடியிலும் பெயர் வெட்டி வாங்கியது, பெ. குமுதவல்லி என்று. பாத்திரம் தொலைந்தாலும் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியட்டும் என்றுதான் பெயர் வெட்டுவது. தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சும்மா சொன்னேன், நாக்கு செத்துப் போச்சுடி, உங்க அம்மா வைக்கிற மீன் குழம்பு சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு என்று. அந்த வாரம் வியாழக்கிழமை என் டப்பாவில் சங்கரா மீன் குழம்பு ஊற்றி ஒன்பதிலிருந்து அனுப்பியிருக்கிறாள். வருகிற வழியில் தரையில் ஒரு பிளாஸ்டிக் சுருள் கிடந்ததாம், ஆமை திடீரென்று நின்றிருக்கிறது, மூடி திறந்து குழம்பு கவிழ்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் என்ன நினைத்ததோ, ரேக்கை என்னிடம் அனுப்பாமல் கடைசி மூலைக்கு ஓட்டிவிட்டது. எனக்கு வரவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளோ நான் சாப்பிட்டுவிட்டு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்று நினைத்திருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமே போன் போடவில்லை. மூன்று நாள் கழித்து வேறு ஸ்டேஷனில் ஒருத்தி அந்தத் தட்டிலிருந்து கவுன் ஒன்றை எடுத்துப் பார்சலுக்கு விட்டிருக்கிறாள், அவளுக்கு ஜலதோஷமோ என்னவோ. எங்கோ ஓர் ஊரில் ஒரு அம்மா, பேர் வைக்கிற விசேஷத்துக்கு வாங்கிய வெள்ளைக் கவுனைப் பிரித்தால் மஞ்சள் கறையும் மீன் வாடையும். படம் எடுத்து அனுப்பிவிட்டாள். அதன் பிறகுதான் ரேக்கைத் துழாவி என் டப்பாவை எடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைக் காலையில் சார் காட்டினார். கவுனின் நெஞ்சில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததுதான் நிஜம். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவர் கடிதத்தைத் திருப்பி வைத்தார்.

அந்த ரேக் போய் வந்த ஸ்டேஷன் எல்லாவற்றிலும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். டப்பா என்னுடையது அல்ல என்று ஜெசிந்தாவின் தாளில் முதல் வரி. உண்மை. டப்பாவில் இருக்கும் பெயர் நான்காம் ஸ்டேஷன் குமுதவல்லியுடையது. அதுவும் உண்மை. மீன் குழம்பு பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இது பொய், ஆனால் பயத்தில் சொன்ன பொய், இதை மன்னிக்கலாம், நானும் சொல்லியிருப்பேன். ஆறு ஸ்டேஷன் நாலாகப் போகிறது, பொருள் எடுக்க இரும்புக் கை வரப்போகிறது என்று ஒரு மாதமாகப் பேச்சு. அவள் புருஷன் படுத்த படுக்கை, எனக்குத் தெரியாதா. மூன்று வரியோடு நிறுத்தியிருந்தால் நானே அவளுக்குச் சாதகமாக யோசித்திருப்பேன். நாலாவது வரியை யார் கேட்டது? சார் கேட்டாரா, பழக்கம் உண்டா இல்லையா என்று? கேட்டிருக்கலாம். கேட்டாலும், தெரியும் சார், கூட வேலை பார்க்கிறவங்க என்று சொல்லலாமே. கூட வேலை பார்க்கிறவள் என்ற அளவுக்குக்கூடவா நான் ஆகவில்லை? எழுதும்போது பேனா கொஞ்சமாவது நின்றிருக்குமா? தாளை நன்றாகப் பார்த்தேன், அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. சோப்பு மூன்று. மெழுகுவர்த்தி ஒன்று. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

ஆனால் என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் மேஜையில் இன்னொரு கட்டு இருந்தது, ஆறு பக்கம். வாயில்லா ஜீவன் பதினோரு மாதமும் எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவை ரேக்கைத் தூக்கும்போதும் ஆமை எடை பார்க்குமாம், இருக்க வேண்டியதை விட அதிகம் இருந்தால் எந்த ஸ்டேஷனில் ஏற்றியது, எத்தனை மணிக்கு, எத்தனை கிராம் என்று குறித்துவிடுமாம். யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை, இப்போதுதான் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சிஸ்டம் ஆளுங்க அனுப்பினாங்க, எனக்கே முழுசாப் புரியல என்றார் சார். என் பெயர் டப்பாவில் இருப்பதால் நான்கு என்று வருகிற வரிகளை மட்டும் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். ஒன்பது என்று வருகிற வரிகள் சும்மா கிடந்தன. தலைகீழாகவே படித்துவிட்டேன், கடைசிப் பக்கம், வியாழன், பன்னிரண்டு பதினேழு, ஸ்டேஷன் ஒன்பது, எழுநூற்றுப் பத்து கிராம். டப்பாவும் குழம்பும் இரண்டு துண்டு மீனும். அந்த வரியில் விரலை வைத்து, சார், குழம்பு எங்கே ஏற்றினது பாருங்க என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கேட்டால் பழக்கத்தையும் சொல்வேன், மூன்று வருஷத்தையும் சொல்வேன், சாட்சிக்கு இந்த ஆறு பக்கம் இருக்கிறது, நான்கிலிருந்து ஒன்பதுக்கு, ஒன்பதிலிருந்து நான்குக்கு. அப்போது அவள் எழுதியது பொய்க் கடிதம் ஆகிவிடும், அவள் வெளியே, நான் ஒருவேளை ஒரு எச்சரிக்கையோடு உள்ளே. இந்தக் கட்டடத்தில் பொய் எழுதாதது ஆமை ஒன்றுதான். அதைப் போய் ஆமை என்றோம்.

சொல்லித்தான் ஆகவேண்டும். ஏன் சொல்லக்கூடாது? இந்த வேலை போனால் நான் மறுபடி ஷூ கம்பெனிக்குத்தான் போகவேண்டும், எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு வேறென்ன இருக்கிறது. அங்கே ஆறு வருஷம் பசை தடவியதில் வந்த இருமல் இங்கே வந்த பிறகுதான் நின்றது. திரும்பப் போனால் நெஞ்சு தாங்காதும்மா என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும், அவளிடம்தான் முதலில் சொன்னேன். பசை வாடையை நினைத்தாலே இப்போதும் மூச்சு சின்னதாகிறது. தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள். என் நெஞ்சும் அவள் புருஷனும் தராசின் இரண்டு பக்கம், அவள் தன் பக்கத்தை அழுத்தினாள், சரி, அதுகூடச் சரி. நானும் அழுத்துகிறேன். எழுநூற்றுப் பத்து கிராம். இப்படி முடிவு செய்து மூச்சை இழுத்து விடும்போது முந்நூற்றுப் பதினெட்டு வருகிறது. ஒன்பதிலிருந்துதான் வருகிறது. நூடுல்ஸ் மூன்று என்கிறது திரை. மூன்றை எடுத்துப் போட்டுவிட்டேன். வேலை முடிந்தது. கை கீழே போகிறது. நான் போகச் சொல்லவில்லை. கீழ்த்தட்டில், புதிதாக அடுக்கிய துணிகளுக்குப் பின்னால், அந்த மூலையில் விரல் துழாவுகிறது. ஒரு சீட்டாவது, ஒரு மிட்டாயாவது, மன்னிச்சுடுடி என்று ஒரு கிழிந்த காகிதமாவது. இரும்புத் தட்டு சில்லென்று இருக்கிறது. திரும்பவும் துழாவுகிறேன். எனக்கு வெட்கமே இல்லை. ஆமை காத்திருக்கிறது, நேரமாகிவிட்டது என்று திரை மஞ்சளாக மாறுகிறது. கையை எடுத்ததும் ரேக்கைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் ஆரஞ்சுப் பொட்டு குனிகிறது, நிமிர்கிறது, ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் அழுதிருந்தால், ஒரு தடவை திரும்பியிருந்தால், நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

ஒரு மணிக்கு சூப்பர்வைசர் வந்து திரையை அணைத்துவிட்டு வரச் சொல்கிறார். மாடிக்குப் போகிற மஞ்சள் கோடு ஒன்பதைத் தாண்டித்தான் போகிறது. அவளிடம் கேட்க எத்தனை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் நினைவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போகிறேன். கழுத்தில் வியர்வை, கோட்டுக் காலர் உள்பக்கம் மடிந்திருக்கிறது, கை நீட்டினால் சரிசெய்துவிடலாம். கையைப் பையில் வைத்துக்கொள்கிறேன். படியேறும்போது அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன், குழம்பு எங்கே ஏற்றினது பாருங்க, குழம்பு எங்கே ஏற்றினது பாருங்க. மோகனரங்கம் சார் உட்காரச் சொல்கிறார். ஆறு பக்கக் கட்டு மேஜையில் என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, கடைசிப் பக்கம் மேலே. பதில் எழுதவில்லை, வாயால் சொல்கிறேன் என்கிறேன். பரவாயில்லை என்று பேனாவைத் திறக்கிறார். முதலில் இதைச் சொல்லுங்க என்று கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறார்.

"உங்களுக்கும் அவங்களுக்கும் பழக்கம் எதுவும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. சரிதானா?"

இவ்வளவுதான், இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். இல்ல சார், மூணு வருஷமா என்று தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக வரும். மூணு வருஷமா என்று சொல்லப் போகும்போது எனக்குப் பின்னால் ஐந்து மணி நேரம் ஒட்டி நடந்த அந்த வண்டியின் சத்தம் காதில் விழுகிறது. அதை இந்த மேஜைமேல் வைத்து இவருக்குக் காட்ட வேண்டுமா. அவள் இல்லை என்று எழுதியதை உண்டு உண்டு என்று நான் கெஞ்சி நிரூபிக்க வேண்டுமா, ஆறு பக்கம் ஆதாரத்தோடு. உடம்பெல்லாம் எரிகிறது.

"சரிதான் சார். பழக்கம் எதுவும் இல்ல."

அவர் அதை எழுதிக்கொள்கிறார். எழுதிவிட்டு, அப்போ இது வேண்டியதில்லை என்று எடைக் கட்டை எடுத்து அலமாரியில் வைக்கிறார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார், இல்லை என்கிறேன். கோட்டையும் அடையாள அட்டையையும் வாசலில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்கிறார். நல்ல மனிதர்தான், தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கிறார். படி இறங்கும்போதே நெஞ்சில் அந்தப் பழைய அடைப்பு. அவளைக் காப்பாற்றுவதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. அவளாக வந்து என்றைக்காவது கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், உனக்காக இல்லை என்று. கேட்டதற்குப் பதில் சொன்னேன். காலை பத்து மணியிலிருந்து அது உண்மை.